நல்ல கண்ணை மூடியவள்

தொண்ணூறுகளில் ஒரு காலை, தாம்பரத்திலிருந்து கிளம்பிய மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் எனக்கு நிற்கத்தான் இடம். பக்கத்தில் ஒரு தாயின் மடியில் ஐந்து வயதுச் சிறுமி; ஒரு கண்ணில் பிளாஸ்திரி. எதிரே ஏழுகல் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள்.

"கண்ணுல அடியா?"

"இல்லக்கா, அது நல்ல கண்ணு. அதான் மூடியிருக்கேன்."

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"நல்ல கண்ணையா?"

"மூளையில ரெண்டு கண்ணுக்கும் இடம் வேணுமாம். இவளுக்கு இந்த நல்ல கண்ணே முழு சீட்டையும் பிடிச்சுக்கிச்சு. இதை எழுப்பிவிட்டாத்தான் பார்வை கம்மியான அந்தக் கண்ணு உட்காருமாம். வயசு ஏறிட்டா ரொம்ப கஷ்டமாம். அழறாளேன்னு பாவம் பார்த்து, பத்து நாள் கெட்ட கண்ணையே மூடினேன். டாக்டர் கத்திட்டார்."

"இப்போ அதுல தெரியுதா?"

"ஆறு மாசமாச்சு. கேட்டா தலையாட்டுறா. நெஜமான்னுதான் தெரியல."

பல்லாவரம் வந்தது. அந்த அம்மாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க மூக்குத்தியில ஒரு கல்லு இல்ல."

அம்மாள் பதறி மூக்கைத் தடவினார். "ஐயையோ, ஆமா!"

தாய் எழுந்தே விட்டாள். "நெஜமாவே இல்லையா? இன்னொரு தடவை தடவிப் பாருங்கக்கா, நெஜமாவே போயிடுச்சா?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.