கொர்ரு மாப்பிள்ளையின் காசு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் ஐயா, ஆனாலும் எனக்கு அப்படித்தான் பிடிக்கும். முந்தாநாள் இதே பெஞ்சில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தபோது யாரும் டீ தரவில்லை. மச்சானைப் பறிகொடுத்தவனுக்கு டீ இறங்காது என்று நினைத்திருப்பீர்கள். இறங்கியிருக்கும்.

அந்த வாக்குமூலத்தை மாற்றி எழுதத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை, நானே பஸ் ஏறி வந்தேன். எல்லாம் உங்கள் ஏட்டு வெள்ளியங்கிரியால் வந்தது. அன்றைக்கு அவர் என் மிஷினைப் புரட்டிப் பார்த்து, பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

“அட கிறுக்கா, பேட்டரியே போடாம பொதையல் தேடியிருக்கறான் பாருங்க! இவன நம்பி ஒருத்தன் குழிக்குள்ள எறங்கி உசுர உட்டிருக்கறானே” என்று ஸ்டேஷன் அதிரச் சிரித்தார். நீங்களும் மீசைக்குள் சிரித்தீர்கள். பிறகு, “பாவம், விவரமில்லாத ஆள், அனுப்பிச்சு விடுய்யா” என்றீர்கள்.

அன்று நான் தூங்கவில்லை. மச்சான் செத்த அன்று கூட நன்றாகத்தான் தூங்கினேன். விவரமில்லாத ஆள் என்ற சொல்தான் முதுகில் முள்ளாகக் குத்தியது. நான் ரேடியோ ரிப்பேர்க்காரன் ஐயா. பேட்டரியை மறக்கிறவன் இல்லை. வேண்டுமென்றேதான் கழற்றி வைத்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். என் பெயர் மயில்சாமி. திருப்பூரில் ரேடியோக் கடை. பனியன் கம்பெனி வைத்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ரேடியோ வாங்கிய காலம். கெட்டுப்போக ரேடியோவும் மேலும் கெடுக்க நானுமாகப் பிழைப்பு ஓடியது. பெண் எடுத்தது காங்கேயம் பக்கம், நொய்யலை ஒட்டிய ஒரு ஊரில். மனைவி செல்லாத்தாள். செத்துப்போன ஆத்தப்பன் அவளுடைய அண்ணன்.

என் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டியது நான்தான். மாப்பிள்ளையே மைக் கட்டலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கிற ஆளா? தாலி கட்டுகிற நேரத்தில் அது “கொர்ர்ர்” என்று கத்திய கத்தலில், கல்யாணத்தை நடத்திவைத்த அருமைக்காரர் கையிலிருந்த தட்டு சபை நடுவே உருண்டது. அன்றிலிருந்து மாமனார் ஊரில் எனக்கு ‘கொர்ரு மாப்பிள்ளை’ என்று பெயர். ஆடு மேய்க்கிற பொடிசுகள் கூட நான் வந்தால் வேலி மறைவில் நின்று கொர்ர் என்று கத்தும். பத்து வருஷம் ஐயா, பத்து வருஷம் அதைக் கேட்டேன்.

பிறகு இந்த மிஷின் கிடைத்தது. சண்டையில் பூமிக்குள் புதைத்த வெடியைக் கண்டுபிடிக்கப் பட்டாளத்தார் வைத்திருந்தது. சண்டை முடிந்து அவர்கள் கழித்துப் போட்டதைக் கோயமுத்தூரில் பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். நீளமான கம்பு, அதன் நுனியில் ஒரு தட்டு, தோளில் பெட்டி, காதில் மாட்ட ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதுக்குள் சத்தம் வரும். என்ன சத்தம் என்று நினைக்கிறீர்கள்? கொர்ர்தான். தலையெழுத்தை யாரால் அழிக்க முடியும்?

மாமனார் குடும்பத்துக்கு ஓடைக்கரையில் ஒரு கொறங்காடு உண்டு. மாடு மேய்கிற, வெள்வேல மரம் அடர்ந்த காடு. மழை பெய்து தெளிந்தால் அங்கே பழங்காலத்துப் பாசிமணி மேலே வரும். பெரியபெரிய கற்களை வட்டமாக அடுக்கிய, பாண்டியன் குழி என்கிற பழங்காலப் புதைகுழிகளும் உண்டு. ராஜா காலத்துக் காசு இல்லாமலா போகும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே மிஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மாட்டு லாடம் கிடைத்தது. சோடா மூடி கிடைத்தது. யாரோ தொலைத்த சுண்ணாம்பு டப்பி கிடைத்தது.

“ஏனுங்க மாப்பிள்ளை, லாடம் சோடி சேந்துதுங்களா? சேந்தா சொல்லுங்க, மாட்டப் புடிச்சுட்டு வாறம்” என்பார்கள். கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே, கேலிக்கும் ஒரு ‘ங்க’ போட்டுவிடுவார்கள்.

அதனால்தான் அந்தக் காரியம் செய்தேன். செல்லாத்தாளுக்கு அவள் அம்மா கொடுத்த சங்கிலியில் மூன்று பொன் காசு கோத்திருந்தது. எவனோ அந்நிய ராஜாவின் தலை போட்ட காசு. அந்தக் குடும்பத்தில் என்றைக்கோ ஒருவர் அதே காட்டில் ஏர் ஓட்டியபோது கிடைத்ததாம். பெட்டிக்கு அடியில் கிடந்த சங்கிலியிலிருந்து காசுகளைக் கழற்றி, கோப்பதற்காகப் பற்றவைத்திருந்த காது வளையங்களை அறுத்து, தடம் தெரியாமல் அரத்தால் ராவினேன். ஒரு வேலமரத்தடியில் புதைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு சனம் சுற்றி நிற்க அதைக் கண்டுபிடித்தேன். பார்க்கப்போனால் அந்த மண்ணில் கிடைத்த காசைத்தான் அந்த மண்ணில் கண்டுபிடித்தேன். இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

தாராபுரத்திலிருந்து தாசில்தாரே வந்தார். மாலை போட்டார். காசுகள் மியூசியத்துக்குப் போகும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ‘கண்டெடுத்தவர் மயில்சாமி’ என்று அட்டை எழுதி வைப்பார்கள் என்றார். அன்றைக்குப் பந்தியில் எனக்கு முதல் இலை. கொர்ரு என்ற சொல் ஊரைவிட்டே ஓடிப்போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை ஐயா.

மறுநாள் ஆத்தப்பன் கடைக்கு வந்தார். ஒரு கட்டு முருங்கைக்காயை மேசையில் வைத்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பிள்ளைங்க, அதுல ஒரு காசுல ராசாவோட மூக்குக்கிட்ட ஒரு பல்லுத்தடம் இருக்குதுங்க. சின்ன வயசுல நாந்தான் கடிச்சு வெச்சனுங்க. அதுக்கு எங்கம்மா என் முதுகுத்தோல உரிச்சுப்போட்டா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் ஒருத்தருகிட்டயும் மூச்சு உடமாட்டனுங்க. செல்லாத்தாகிட்டயும் சொல்லமாட்டன். அது பெட்டியத் தொறக்கறதுக்குள்ள நெசமாவே எதாச்சும் கண்டுபுடிச்சுப்போடலாமுங்க. நீங்க எடத்தக் காட்டுங்க, நான் தோண்டறன்.”

நல்ல மனிதர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தன் பெண்டாட்டியிடம் கூடச் சொல்லவில்லை. நான் சுற்றிவளைத்து விசாரித்துப் பார்த்துவிட்டேன். அவர் சொல்லியிருந்தால் ‘பொய் சொல்கிறான்’ என்று சண்டை போட்டு உறவை முறித்திருக்கலாம். சொல்லாத மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் மீசை அசைந்தால் சிரிக்கிறாரோ என்று பார்ப்பேன். மென்றுகொண்டிருப்பார். ஆனாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்த உலகத்தில் என்னைக் கொர்ரு மாப்பிள்ளையாகப் பார்க்கிற கண் இரண்டே இரண்டுதான் மீதி என்று தோன்றும்.

ஓடைக்கரை ஓரமாக ஒரு இடத்தைக் காட்டினேன். மிஷின் இங்கே கத்துகிறது என்றேன். ஆத்தப்பன் இடுப்பளவு தோண்டினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் வந்து மண்ணைக் கிள்ளிப் பிசைந்து பார்த்தார்.

“ஈரம் ஊறிப்போச்சுங்க மாப்பிள்ளை. கரை உட்டுச் சரிஞ்சுரும். தை பொறக்கட்டும், தோண்டிக்கலாமுங்க” என்றார். கிணறு வெட்டிப் பழகியவர். மண்ணைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கும் அது சரியாகவே பட்டது.

“முருகன் கோயில்ல பூக் கேட்டுப் பாக்கலாமுங்க மச்சான்” என்றேன்.

நீங்கள் தெற்கத்திக்காரர், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் பக்கம் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்போம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். பூ சொன்ன பிறகு எங்கள் ஆட்கள் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டார்கள். மண் ஒன்று சொல்லி முருகன் வேறொன்று சொன்னால், ஆத்தப்பன் முருகன் பக்கம்தான்.

பொட்டலம் கட்டியது நான். ஆத்தப்பனின் சின்ன மகள் தெய்வாத்தாள் எடுத்தாள். வெள்ளை. மகளுக்கு ஒரு முத்தம் கொடுத்து, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சாமியே சொல்லியாச்சு, அப்பறம் என்னுங்க” என்றார். மிச்சமிருந்த பொட்டலத்தை நான் மடியில் செருகிக்கொண்டேன். வழியில் ஒரு வெள்ளாட்டுக்குப் போடப் போனேன். அரளி ஆட்டுக்கு ஆகாது என்று நினைப்பு வந்து ஓடையில் வீசினேன். வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது? அந்தப் பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது. முருகனுக்கு நான் வேறு வழி வைக்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் இறங்கினார். பேட்டரியை வீட்டிலேயே துண்டில் சுற்றி வைத்திருந்தேன். தேடப் போவதில்லை என்று தெரிந்த பிறகு நல்ல பேட்டரியை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? தோண்டிய மண்ணைத் தூரத்தில் கொட்டச் சொல்லி அவர் கூடையை மேலே நீட்டுவார். நான் குழியின் விளிம்பிலேயே கொட்டினேன். அந்தக் குவியலின் மேல் மிஷினோடு இப்படியும் அப்படியும் நடந்தேன். “இன்னுங் கொஞ்சமுங்க மச்சான், நல்லாக் கேக்குது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலை மறையும் ஆழம் வந்ததும் கரை விட்டது. நான் முன்பே எட்ட விலகியிருந்தேன்.

முழுதாக மூடவில்லை. மார்பளவு மண். மேலே முகமும் ஒரு கையும் தெரிந்தன. “மாப்பிள்ளைங்க! கயித்தப் போடுங்க!” என்றார். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பித் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று முந்தாநாள் உங்களிடம் சொன்னேனே, அது பொய். பேட்டரி இல்லாத ஹெட்போன் வெறும் காதுமூடி. எல்லாம் கேட்டது. அவரும் எனக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தார் போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்க்க வைக்க ஒரு மண்கட்டியை எறிந்தார். அதையும் என்மேல் படாமல், மரியாதையாகக் காலுக்குப் பக்கத்தில் எறிந்தார். கடைசிவரை என்னை நல்லவன் என்றே நம்பினார். அப்புறம் என் குவியலும் சரிந்தது.

ஊருக்குள் ஓடி அழுதேன். அந்த அழுகை நிஜம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நேற்று செல்லாத்தாள் அண்ணனுக்காக அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். திடீரென்று, “அந்தக் காசு எம்பட சங்கிலிதுன்னு மொத நாளே எனக்குத் தெரியுமுங்க. மாலை போட்டுட்டு நீங்க சிரிச்ச மொகத்தப் பாத்து, போச்சாறு போன்னு உட்டுட்டன். அதுக்குப் போயி எங்கண்ணன் எதுக்குங்க அந்தக் குழியில எறங்கோணும்?” என்றாள். துக்கத்தில் உளறுகிறாள், பாவம். தெரிந்திருந்தால் சிரிக்காமலா இருந்திருப்பாள்? அவளுக்குத் தெரியாது. ஆத்தப்பன் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஆகவே கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். பேட்டரி, பூ, கயிறு எல்லாவற்றையும் எழுதுங்கள். விவரம் தெரிந்து செய்தவன் என்று உங்கள் ஏட்டும் படிக்கட்டும். காரணத்துக்கு மட்டும் சொத்துத் தகராறு, காட்டுத் தகராறு என்று உங்களுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளுங்கள். கோர்ட்டில் உரக்க வாசிப்பார்கள், மாமனார் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். தூக்குக் கொடுத்தாலும் ஏறிக்கொள்கிறேன். அந்த மூன்று காசையும் நான்தான் மண்ணிலிருந்து கண்டெடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடுங்கள்.