கறுப்புத் திரையில் நாலு பொட்டு

— கேமரான்னு சொல்லி எடுத்தாந்த, வெறும் கறுப்பாத்தான்டி இருக்குது. கட்டில்ல படுத்துக்கினு இருக்கிற உங்கப்பாவை எங்க காணோம்?

— அப்பா அசையலியேம்மா, அதான் தெரியல. இது போட்டோ புடிக்கிற கேமரா இல்ல. எது மாறுதோ அத மட்டும் பொட்டுப் பொட்டாக் காட்டும். எங்க, கைய ஆட்டு.

— அட, என் விரலு! வளையலு! அய்யய்ய, நிறுத்தினா காணாமப் போச்சே.

— நம்ம கண்ணும் மூளையும் அப்படித்தாம்மா. மாறாம இருக்கறத அவ்ளோவாக் கண்டுக்காது. அதப் பாத்துதான் இதச் செஞ்சிருக்காங்க. லேப்ல கெஞ்சிக் கூத்தாடி மூணு நாளைக்கு வாங்கியாந்தேன்.

— மூக்குத்தி மாதிரின்னு சொல்லு. குத்தின அன்னிக்கு உசிரு போச்சு, இப்ப இருக்குதான்னே தெரியல.

— கரெக்ட்! உன்னையே எங்க லேப்ல சேத்துக்கலாம்.

— கிண்டல் பண்ணாத, அடி வாங்குவ. அத வலது கால் பக்கம் திருப்பு. வாதம் வந்து நாலு மாசம் ஆவுது. வாயும் இழுத்துக்கிச்சு, பாவம், அவரால எதையும் சொல்ல முடியல. கால்ல அசைவே இல்ல, இனிமே எக்சர்சைஸ்லாம் வேணாம்னுட்டாரு டாக்டரு. ஆனா அந்தக் கட்டைவிரலு அசையுதுடி. நான் ரெண்டு வாட்டி பாத்தேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறீங்க.

— அசைஞ்சா இதுல தெரிஞ்சிடும்மா. தெரியலன்னா...

— தெரியலன்னா நாளைக்குக் கலியன் வந்து அவரு தறியில பாதியில நிக்கிற சேலைய அறுத்துக்கினு போகட்டும். தறியையும் கழட்டிடலாம். நானேதான் வரச் சொல்லியிருக்கேன். நீ போடு.

— ஃபேன நிறுத்து. போர்வைய எடுத்துடு. கிட்ட வராதம்மா.

— அதோ! அதோ பாரு, பொட்டு!

— அது நாய்ஸ்மா. ஒண்ணுமே ஆடலன்னாலும் இதுல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு வரும்.

— அங்க ஒண்ணு இங்க ஒண்ணா? நல்லாப் பாருடி. நாலு பொட்டும் ஒரே எடத்துல வருது, விரல் கிட்ட. விட்டு விட்டு வருது.

— ஆமா... தாளம் மாதிரி. இரு இரு, பக்கத்து வீட்டுல கலியன் சித்தப்பா தறி ஓடுதே, அதுல தரை அதிருது. கேமரா ஆடுது. அவ்ளோதாம்மா.

— கேமரா ஆடினா கட்டில் காலு, ஜன்னலு எல்லாந்தான தெரியணும்? விரல் மட்டும் ஏன்டி தெரியுது?

— இரு... கட்டில் கால்ல ஒரு பொட்டும் இல்ல, ஜன்னல்லயும் இல்ல.

— பாத்தியா? பெரிய படிப்புப் படிச்சவ!

— நீ சொல்றது சரிதாம்மா. எனக்குப் பயமா இருக்குது. தறி சத்தத்துக்கு நரம்பு சும்மாத் துடிக்கிதோ என்னவோ. ஆசப்பட்டுட்டு அப்புறம் இல்லன்னா என்னால தாங்க முடியாது.

— கீர்த்தி... கேளு. தறி நின்னுடுச்சு.

— ஆமா.

— பொட்டு?

— நிக்கலம்மா. அம்மா, அது நிக்கல!

— அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க. தறியில இழை அறுந்து உசிர வாங்குது. என்னாது, ரெண்டு பேரும் அழுதுக்கினு இருக்கீங்க? அண்ணனுக்கு எதனா...

— வாங்க சித்தப்பா. இந்தப் பொட்டப் பாருங்களேன். அப்பாவோட கால் விரல் இது. மொதல்ல உங்க தறி சத்தத்துக்குத்தான் ஆடுதுன்னு நெனச்சேன்.

— என் தறிக்கா? இரும்மா, தறியில கால் மிதிக்கிற கணக்குல எண்ணிப் பாக்கறேன். ஒரு மிதி... நிக்கிது. ஒரு மிதி... மறுபடியும் நிக்கிது. சேச்சே, என் மிதி இல்ல இது! எனக்கு ஊடு நூல் ஓட்ட ஒத்த நாடாதான், தடதடன்னு நிக்காம மிதிப்பேன். இது சேலை உடலையும் கரையையும் இழைக்கு இழை நிறுத்திக் கோத்துக் கோத்து நெய்யறவன் மிதி.

— என்னப்பா சொல்ற? வெளங்கற மாதிரி சொல்லு.

— நாளைக்கு நான் வரல அண்ணி. அண்ணன் அந்தச் சேலைய இன்னும் நெய்துக்கினுதான் இருக்காரு.