அவன் காதுக்குப் போன குரல்

எனக்குச் சத்தம் ஆகாது, டாக்டரம்மா. வீட்டில் மிக்சி ஓடினாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஊரெல்லாம் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். என் மனைவியே சிரிப்பாள். ஆனால் ஒலி வேறு, சத்தம் வேறு. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில், அதில் என்னைக் குறை சொன்னவர் யாரும் இல்லை.

நேற்று அவன் தொண்டையைப் பார்த்துவிட்டு வராந்தாவில் என்னை நிறுத்தி ஒன்று கேட்டீர்கள். "மேடையில பாடும்போது அவர் குரல் அவருக்குக் கேட்டுச்சா?" என்று. இத்தனை மாதத்தில் இதை யாரும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் குடிப்பழக்கம் உண்டா என்று விசாரித்தார்கள். கேசட் கம்பெனி காலத்திலிருந்து தொழிலில் இருக்கும் ஒரு பெரிய மனிதர் சிகரெட்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிறவன் அவன். நீங்கள் ஒருவர்தான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன். அடுத்த அறையில் அவன் பயிற்சி முடித்து எழுந்து வருவதற்குள் சொல்லிவிடலாம்.

அவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. அவர்கள் அம்மா போனபோது அவன் கைக்குழந்தை, அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு அவனும் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனைச் சுமை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் குரலை முதலில் மைக்கில் கேட்டவன் நான்தான். என் கடைக் கிடங்கில், அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் நின்று, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வரி பாடினான். கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கிடங்கில்தான் குழு பிறந்தது. கீபோர்டு வாசித்தவர் பகலில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், அவரை வாத்தியார் என்போம். டிரம்ஸ்காரன் பெயர் இடி. பேஸ் கிடார்காரன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் ஊமை. எல்லா ஒலியையும் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்சரில் நான். எல்லோருக்கும் நான் மாமாதான், என்னைவிட மூத்த வாத்தியாருக்கும்கூட. ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அரங்கங்கள் நிரம்பின, வேன் பஸ் ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தோம்.

மேடையில் நிற்கிறவனுக்குத் தன் குரல் கேட்காது என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. பின்னால் டிரம்ஸ், எதிரே கூட்டம், பெட்டிகளெல்லாம் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அதனால் பாடுகிறவன் காதில் சின்னக் கருவி ஒன்றைச் செருகிக்கொள்வான். அதற்குள் எது எவ்வளவு போக வேண்டும் என்று மிக்சரில் இருப்பவன் முடிவு செய்வான். ஜனங்கள் கேட்பது ஒன்று, அவன் கேட்பது வேறு. எங்கள் குழுவில் இரண்டையும் நானே பார்த்துக்கொண்டேன். அவன் இடுப்பில் மாட்டியிருக்கும் பெட்டியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் எல்லாமே சேர்ந்துதான் கூடும், தன் குரலை மட்டும் கூட்டிக்கொள்ள அவனால் முடியாது.

மற்ற குழுக்களில் பாடகன் மேடையிலிருந்து கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் வை என்று சைகை காட்டுவது சகஜம். எங்களுக்கு அது கேவலம். மேடை ஏறினபின் காதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "மாமா வச்சா வச்சதுதான்" என்பான் இடி. அந்த ஒரு பேச்சில் நான் எத்தனையோ நாள் வயிறு நிறைந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு வயர் தளர்ந்து அவன் குரல் அவன் காதுக்குச் சரியாகப் போகவில்லை. வழக்கத்தை மீறக் கூடாது என்று கடைசிப் பாட்டு வரை தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடி முடித்தான். வீட்டுக்கு வந்தால் பேச்சே வரவில்லை. தன் குரல் கேட்காவிட்டால் மனிதன் தானாகவே கத்துவான், அவனுக்கே தெரியாது. அவன் அக்கா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். "உங்கள நம்பித்தானே தொண்டையக் குடுக்கிறான்" என்றாள். இதைச் சொல்வதற்குக் காரணம், என்ன செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதுதான். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

தனியாகப் போகிறேன் என்று அவன் சொன்னதும் அந்தக் கிடங்கில்தான். டீ வந்திருந்தது. டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னான்.

"எனக்குன்னு ஒரு தடவ பாடிப் பாக்கணும்னு தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுக்க என்னடா இருக்கு?" என்றான் இடி. "புகுந்த வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி நாலு சொட்டு அழுதுட்டுப் போ. நாங்க வாசல்ல நின்னு கையாட்டுறோம்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஊமை வாயைத் திறந்து, "எப்போ?" என்று கேட்டான்.

வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க என்கூட வந்துடணும் மாமா. என் காத வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்." போனேன். வாசிக்கப் புது ஆட்கள் வந்தார்கள். மற்ற மூவரும் என்ன ஆனார்கள் என்று அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வாத்தியார் சாயங்காலமும் டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். இடி பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான். ஊமையின் கிடார் அலமாரிக்கு மேலே ஏறியது. அவர்கள் வீட்டு வழியாகப் போக நேர்ந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவர்களுக்காகத்தான் செய்தேன் என்பதை நீங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எண்ணாதீர்கள். தனியாகப் பாடுவது தனக்குச் சரிவராது என்று அவனே உணர வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். சொன்னால் கேட்கிற வயதைத் தாண்டிவிட்டான். கொஞ்சம் தொண்டை கட்டும், கொஞ்சம் பயம் வரும், நாலு பேர் சேர்ந்து தாங்கிய நாட்கள் ஞாபகத்துக்கு வரும். கிடங்குக்குத் திரும்பி வருவான். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் நிகழ்ச்சியில் நான் எதையும் தொடவில்லை. அன்று அவன் பாடியது போல் குழுவில் இருந்தபோது பாடியதே இல்லை. மறுவாரம் ஒரு பத்திரிகையில், இத்தனை நாள் இயந்திரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த குரல் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இயந்திரம் என்றால் நான்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், மற்றபடி ஒன்றுமில்லை.

அடுத்த நிகழ்ச்சியில் குறைக்க ஆரம்பித்தேன்.

ஒரேயடியாகக் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவான், நல்ல காது அவனுக்கு. அதனால் விரல் நகர்ந்ததே தெரியாத அளவுக்கு, ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக. அவன் இடுப்புத் திருகைக் கூட்டினான். இசையும் சேர்ந்து கூடியது, அவன் குரல் அதற்கு அடியிலேயே கிடந்தது. அவன் எட்டிப் பிடிக்கப் பிடிக்க நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். வெளியே ஜனங்களுக்கு அந்தக் கத்தல் தெரியாமல் சீவி மெருகேற்றி அனுப்பியதும் நான்தான். பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், தேன் மாதிரி இருக்கும். என் வேலையில் ஒரு நாளும் நான் குறை வைத்ததில்லை.

ஊர் திரும்பும் வழியில் ஒரு நாள் காரில் கேட்டான்.

"மாமா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. முன்ன மாதிரி குரல் எழும்ப மாட்டேங்குது."

"புதுசா தனியாப் பாடுறல்ல மாப்ள, அப்படித்தான் இருக்கும்."

"காதுல எல்லாம் சரியாத்தானே போகுது?"

"நான் இருக்கேன்ல?"

"ஐயோ, உங்களச் சொல்லல மாமா," என்று பதறிப்போனான். வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்விக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தான். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள், அவன் பாதி வழி வந்துவிட்டான். இன்னும் ஓரிரு மேடைதான், அவன் வாயாலேயே குழு என்ற சொல் வந்துவிடும் என்று எனக்குப் பட்டது. பாதியில் விட்டிருந்தால் அதுவரை பட்ட கஷ்டம் வீணாகியிருக்கும்.

அவன் குழு என்று சொல்லவில்லை. இன்னும் அதிகமாகச் சாதகம் செய்தான். காலையில் எழுந்ததும் அக்கா வெந்நீரோடு நிற்பாள், கொப்பளிப்பான், ஆவி பிடிப்பான், மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவான். கீழே அவள் என்னிடம் கேட்பாள், "அவனுக்கு என்னாச்சுங்க? உங்களுக்காவது தெரியுதா?" சரியாகிவிடும் என்பேன். அவள் என்னை நம்பினாள். அந்த வீட்டில் என்னை நம்பாதவர் யாரும் இல்லை.

கடைசி மேடை ஒரு திறந்தவெளி மைதானம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. உச்சிக்குப் போகிற அந்தப் பாட்டில், உச்சியில், அவன் குரல் அறுந்தது. ஜனங்கள் தங்களைப் பாட விட்டுவிட்டான் என்று நினைத்து மீதி வரியைச் சேர்ந்து பாடினார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக வழக்கத்தை மீறிக் கையைத் தூக்கி, காதைத் தொட்டுக் காட்டினான். எல்லாம் சரியாக இருக்கிறது, பாடு என்று நான் கட்டைவிரலை உயர்த்தினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். அப்புறம் நடந்ததுதான் நீங்கள் உள்ளே பார்த்த ரத்தக் கட்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு பேசவே கூடாது என்று நீங்கள் சொன்னதால் அவன் அக்கா ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். கண் விழித்ததும் அதை வாங்கி அவன் முதலில் எழுதியது, "மாமா சாப்ட்டாரா?" அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை, டாக்டரம்மா.

மற்ற மூவரும் அவனைப் பார்க்க வந்தார்கள். இடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். போகும்போது வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுபடி வாசிக்கத் தொடங்கிவிட்டார்களாம். ஒரு பெண் பாடுகிறாளாம், கூட்டம் வருகிறதாம். "அவன் காதுக்கு இது இப்ப போக வேணாம். ஆனா மிக்சர் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு மாமா." அதாவது, அவன் திரும்பிப் போக வேண்டிய இடத்தில் வேறு ஆள் நின்றாயிற்று. நான் வரவில்லை என்றேன், அவனை யார் பார்த்துக்கொள்வது என்றேன். வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பேச்சு வந்தது. மெல்லப் பாடலாம் என்றீர்கள். "அவர் குரல் அவருக்குத் தெளிவாக் கேக்கணும், அப்பதான் அழுத்தாம பாடுவார்" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். வீட்டில் மாடி அறையில் சின்ன மிக்சர் ஒன்றை வைத்து, அவன் காதில் கருவியை நானே மாட்டிவிட்டேன். முந்தாநாள் காலையில் ஒரு முழு வரி பாடிவிட்டான். பழைய குரல் இல்லை, ஆனால் அவன் குரல்தான். கீழே சமையலறையில் குழாய் நின்றது. அவன் அக்கா படியேறி வந்து, உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் ஈரம்.

அவன் என் தோளில் கை போட்டான். "தேறிடுவேன் மாமா. தேறினதும் மறுபடி தனியாத்தான் பாடுவேன். ஆனா இந்தத் தடவ மிக்சருக்கு வேற ஆள் பாத்துக்கிறேன். எனக்காக நீங்க அலைஞ்சது போதும். அக்காகூட வீட்ல நிம்மதியா இருங்க." அக்கறையாகத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பாடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

நேற்று அவன் தொண்டை மறுபடி சிவந்திருந்ததைப் பார்த்துத்தானே என்னை நிறுத்தினீர்கள். பாவம், பாடிப் பாடிக் களைத்திருந்தான். கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவன் குரலை அவன் காதில் லேசாகக் குறைத்து வைத்தேன்.