கடவையில் கூப்பிடாத குரல்

அவையின் நடுவே அமர்ந்து அழகு செய்யும் அக்கிராசனர் அவர்களே, கோயில் வண்ணக்கர் அவர்களே, பள்ளிவாசல் மரைக்காயர் அவர்களே, மாட்டுவண்டியும் மோட்டாரும் லொறியும் ஓட்டும் சாரதிச் சகோதரர்களே, வேலையை விட்டு வந்த பெரியோர்களே, வலப்பக்கம் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உம்மாமார்களே! எல்லாருக்கும் வினாயகமூர்த்தி வாத்தியாரின் வணக்கமும் ஸலாமும் உரியன.

கொஞ்சு தமிழில் குழைந்து பேச வந்தவன் அல்லேன். குலை பதறி வந்திருக்கிறேன். கோச்சிக் கடவைச் சட்டத்தை, அதாவது ரயில் பாதையை வண்டிகள் கடக்கும் சட்டத்தை, வாசிக்கச் சொன்னார்கள். இதோ வாசிக்கிறேன். தண்டவாளத்துக்கு இப்பால் வண்டியை நிறுத்து. இரு பக்கமும் பார். காது கொடுத்துக் கேள். வளைவு மறைத்தால் இறங்கிப் போய்ப் பார். இவ்வளவுதான்! நாலாம் வகுப்புப் பிள்ளை நாலு நிமிஷத்தில் மனனம் செய்யும் நாலு வரி!

ஐயையோ, இந்த நாலு வரியை நாம் மதிக்காததால் அல்லவா, பட்டப்பகலில், பள்ளிக்கூட மணி அடித்த கையோடு, என் மச்சான் இளையதம்பி இந்தக் கடவையில் செத்துப்போனார்! முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமை. இன்னும் எனக்கு நெஞ்சு அடங்கவில்லை.

என்ன தம்பி, பின்னால் நின்று கத்துகிறீர்? “றைவர்ர லைசென்சப் பறிக்கோணும்” என்கிறீரா? பொறும். முழுவதையும் கேளும். கேட்ட பிறகு யாருடையதைப் பறிப்பது என்று நீரே சொல்லும்.

என் தங்கை மகள் அன்னப்பூரணிக்கு மாப்பிள்ளை கேட்டுத் தாயும் தகப்பனும் புறப்பட்டார்கள். மடியிலே வெற்றிலைத் தட்டு, காலடியிலே வாழைக்குலை. வாடகைக் காரை ஓட்டியவர் மீராசாஹிப். எட்டு வருஷமாக ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத கை அவர் கை. கடவை நெருங்கியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். இதை நான் இட்டுக்கட்டவில்லை. காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு உயிர் தப்பிய என் தங்கை சீதேவிப்பிள்ளை, அதோ, மகளின் தோளைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறாளே, அவள் வாயாலே சொன்னது.

“அண்ணன், ஒருக்கா நிப்பாட்டி இறங்கிப் பாத்திட்டு வாறன்” என்றாராம் மீராசாஹிப்.

“வேணாம் தம்பி. மாப்பிள்ள கேட்டுப் போற வண்டி நடுவழியில நிக்கப்படா. சகுனம் பிழைச்சிரும். கோச்சிச் சத்தம் ஒண்டும் கேக்கல்ல, நீ விடு” என்றாராம் என் மச்சான்.

அடுத்தவர் நம்பிக்கையை மதித்து அவர் காரை விட்டார். விட்டது பிழை! பிழைதான் ஐயா, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழை அவர் ஒருவருடையதா? கோச்சி மோதி அவருடைய இடது கால் முழங்காலோடு போய்விட்டது. திங்கட்கிழமை கோட்டில், நீதவான் முன்னால், அவர் மேல் வழக்கு. ஊரெல்லாம் ஒரே விரலாக அவரையே காட்டுகிறது!

அந்த நேரம் காருக்குப் பின்னால், பள்ளிக்கூட வாசலில், ஒரு மனிதன் நின்றான். மரங்களுக்கு மேலே கோச்சியின் புகை எழுவதைக் கண்டான். கார் நிற்காமல் போவதையும் கண்டான். ‘மச்சான்!’ என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிட்டானா? இல்லை! ஊமையா அவன்? இல்லை! நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாதாம்! றைவர் கண்டிருப்பார், நிறுத்துவார் என்று திறந்த வாயை மூடிக்கொண்டான். படித்தவன்! ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன்!

யார் அவன் என்கிறீர்களா? அன்று மூடிய அந்த வாய்தான் இன்று இந்த மேடையில் பேசுகிறது.

ஓம் அக்கா, ஓம், நான்தான். சத்தம் போடுங்கள், எனக்கு அது வேண்டும். நாற்பது நாளாக எவரும் என்னை ஏசவில்லையே என்றுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாரதிகளே, நில்லுங்கள்! நேரம் போகிறதென்றாலும் நில்லுங்கள், சகுனம் பிழைக்குமென்றாலும் நில்லுங்கள்! நிப்பாட்டாதே என்பவர் பெண்ணின் தகப்பனானாலும் பெரிய உடையாரானாலும் றோட்டிலே இறக்கிவிட்டு நில்லுங்கள்! தாய்மார்களே, கூப்பிடுங்கள்! பின்னால் நின்று கூப்பிடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தொண்டை கிழியக் கூப்பிடுங்கள்! கலியாணம் கெட்டால் இன்னொரு கலியாணம் பேசலாம். அன்னப்பூரணிக்கு இன்னொரு தகப்பனை நான் எங்கே போய்க் கேட்பேன்?

ஆமினா உம்மா, உங்கள் மகன் மீராசாஹிப்பிடம் சொல்லுங்கள்: திங்கட்கிழமை நான் கூண்டில் ஏறுவேன். இங்கே சொன்னதில் ஒரு சொல்லும் குறையாமல் நீதவான் துரைக்கு முன்னால் சொல்லுவேன். பள்ளிக்கூட வேலை போனாலும் போகட்டும்.

ஏசியும் எழுந்து போகாமல் கேட்டிருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி, இத்தனை நாளும் உன் வாசல்வரை வந்து வந்து சொல்லாமல் திரும்பினேன். இப்போது இறங்கி உன்னிடம்தான் வருகிறேன். நீ முகத்தைத் திருப்பினாலும் திருப்பு, நான் வருகிறேன்.