ரிப்பனுக்காக ஒரு சத்தியம்

சொல்றேங்க ஐயா, ஆனா வெரசா விட்டுருங்க. தங்கச்சிக்குக் காய்ச்சல், தோட்டத்து லய வீட்டுல கெடக்கா. பள்ளிக்கூடம் பாக்க வந்த நீங்க, இத்தன புள்ளைங்க இருக்க என்னைய ஏன் கூப்பிட்டீங்க? ஓ, இந்த நீல ரிப்பனப் பாத்தா?

ஆமாங்க, வாத்தியார்தான் குடுத்தாரு. சாராயம் குடிச்சா ஈரல் வெந்துபோகும்னு மொதல்ல படம் காட்டுனாரு. நாங்க என்ன நெனைச்சோமா? நெசத்தச் சொன்னா அடி விழாதே? பயலுக சிரிச்சானுங்க. எனக்கு ஆட்டு ஈரல் ஞாபகம் வந்து எச்சி ஊறிருச்சு. நாங்களா குடிக்கிறோம்? ஹாலிஎல சாராயத் தவறணையில உருண்டு கெடக்குறது எங்கப்பனுங்க. படத்த அங்கல்ல கொண்டுபோய்க் காட்டணும்?

வாத்தியாருக்கும் அது பட்டிருக்கும்போல. அப்பா உங்க தலையில கைய வச்சு, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுனா ரிப்பன்னுட்டாரு. அம்மாடி, அதுக்குத்தான் லயமே நடுங்குச்சு! தலையில அடிச்ச சத்தியம் தப்புனா அந்தப் புள்ள தங்காதுல்ல? நீங்க பதுளை டவுன்காரவுக, சிரிக்கிறீங்க. எங்கள்ல யாரும் சிரிக்கமாட்டாங்க.

எங்கப்பாவா? பண்ணுனாருங்க. அழுதுக்கிட்டே பண்ணுனாரு. தவறணைப் பக்கமே எட்டிப் பாக்காம இருந்தாரு, பாவம். அப்பறம் தீவாளி வந்துருச்சு. விடிய விடியக் குடிச்சாரு.

ஐயோ, எனக்கு ஒண்ணுமில்லீங்க. தொட்டுப் பாருங்க, சூடே இல்ல. கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். காய்ச்சல் தங்கச்சி பாக்கியத்துக்குத்தான். தீவாளிக்கு மறுநாளே விழுந்தா. மருந்துக்காரரு குளிர்காய்ச்சல்ங்கிறாரு. குடுக்குற மருந்தெல்லாம் கக்கிர்றா. கண்ணே தொறக்கமாட்டேங்கிறா. அம்மா காலையில பெரட்டுக்கும் கொழுந்தெடுக்கவும் போகாம மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கு.

அழலீங்க. இந்தாங்க ரிப்பன், நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேணாம்.

எங்கப்பா சத்தியத்துல நிக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும்ங்க. ஆனா ரிப்பன் மேல ஆச. வீட்டுல சின்னப் புள்ள தலையிலதான் சத்தியம் பண்ணணும்னு வாத்தியார் சொன்னாருன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். தூங்கிக்கிட்டிருந்தவ தலையில அப்பா கையத் தூக்கி நாந்தான் வச்சேன்.

ஐயா, நீங்க பெரிய படிப்பெல்லாம் படிச்சவுக. அந்தச் சத்தியத்த இப்ப என் தலைக்கு மாத்த முடியுமாங்க?