என் பார்வையில் குறை இல்லை

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் நாள் வெளியான விசாரணை அறிக்கை, என் கண்பார்வை மங்கிவிட்டது என்று கூறுகிறது. அது பொய். என் கண்களில் குறை எதுவும் இல்லை.

லெஹ்தோவாரா கிராமப் பள்ளியில், ஓய்வு பெறும்வரை ஃபின்னிஷ் மொழி கற்பித்தவன் நான். கடைசி வரிசை மாணவன் மேசைக்கடியில் விரித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டைக் கரும்பலகையருகே நின்றபடியே வாசிக்கப் பழகிய கண்கள் இவை. இன்றும் சமையலறைச் சன்னல் வழியே பார்த்தால், ஏரியின் மறுகரைப் படகுத்துறையில் உட்கார்ந்திருப்பது காகமா, கடற்பறவையா என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

என்னைப் புண்படுத்திய வாக்கியம் இது: 'வேட்டைத் தலைவர் ஆர்மாஸ் கெய்னானென், முதுமையால் பார்வை மங்கியிருந்த காரணத்தால், துப்பாக்கியின் அறையில் எஞ்சியிருந்த தோட்டாவைக் கவனிக்கத் தவறியிருக்கலாம்.' தவறியிருக்கலாம் என்று எழுதுபவர், தமக்கு எதுவும் தெரியாது என்பதை மரியாதையாக ஒப்புக்கொள்கிறார். என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் வேய்யோ தெர்வோனென் என்று ஒருவன் உண்டு. காட்டில் மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுபவன். அவனும் என் மாணவனே. எந்த வாக்கியத்தையும் முடித்து அறியாதவன். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, மூஸ் மான் வேட்டை முடிந்து எல்லாரும் கார்களருகே நின்றிருந்தபோது, அவன் துப்பாக்கியை உறையில் இடுமுன் விசையை ஒருமுறை அழுத்தினான். வேலை முடிந்தபின் உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்திருக்க வேண்டும் என்பது அவன் தன் தந்தையிடம் கற்ற பழக்கம். துப்பாக்கி காலி என்று அவன் நம்பினான். அது காலியாக இல்லை. காரின் பின்புறம் உட்கார்ந்து ரப்பர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த என் ஒரே மகன் இல்மாரி, ஒரு காலில் காலணியோடு இறந்தான்.

நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றது. அபராதம் விதித்தது; சில ஆண்டுகளுக்குத் துப்பாக்கி உரிமத்தைப் பறித்தது; பிறகு திருப்பிக் கொடுத்தது. ஊரும் அப்படியே செய்தது. வடக்குச் சதுப்பு நிலத்தின் பாதைகள் வேய்யோவைத் தவிர வேறெவருக்கும் சரியாகத் தெரியா. அவன் இல்லாமல் குழு திணறியது. உரிமம் கிடைத்த ஆண்டு நடந்த வேட்டை விருந்தில், அவனையும் என்னையும் ஒரே அண்டாவின் இருபக்கமும் நிறுத்தி மூஸ் சூப்பு பரிமாறச் சொன்னார்கள். சமாதானத்தின் அடையாளமாம். நான் பரிமாறினேன். ஓர் ஊரில் ஒரே ஒரு கடையும் ஒரே ஒரு வேட்டைக் குழுவும் இருக்குமானால், ஒரு மனிதனை விட்டு விலகிப் போக அங்கே இடம் இல்லை.

இல்மாரியின் சாவுக்குப் பிறகு நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். வேட்டை முடிந்து குழுவின் கொட்டகைக்குத் திரும்பியதும், ஒவ்வொருவரும் துப்பாக்கியின் தோட்டா அறையை மூடும் பின்தாழைத் திறந்து, சுவரோரத் தாங்கியில் நிறுத்த வேண்டும். தலைவனாகிய நான் ஒவ்வொன்றின் அறைக்குள்ளும் பார்த்து, 'காலி' என்று உரக்கச் சொல்வேன். அதன் பின்னரே உறையில் இடலாம். அண்டை ஊர்க் குழுக்களும் இதைப் பின்பற்றின. ஆகவே, வேய்யோவின் உரிமம் திரும்பியதிலிருந்து, இலையுதிர்காலம்தோறும், வேட்டை நாள்தோறும், என் மகனைக் கொன்ற துப்பாக்கிக்குள் குனிந்து பார்த்து, அது குற்றமற்றது என்று நான் அறிவிக்க வேண்டியிருந்தது. இந்தப் பொறியை எனக்கு நானே செய்துகொண்டேன் என்பதை மறுக்கவில்லை.

சென்ற அக்டோபரில், வேட்டை தொடங்கிய காலை, வழக்கம்போல் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் விதி: எந்தத் துப்பாக்கியும், எப்போதும், தோட்டா நிரம்பியதே. இரண்டாவது: சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. மூன்றாவதற்குப் போகுமுன் சைமி குறுக்கிட்டாள். எங்கள் வேட்டை நாயான துய்ஸ்குவின் சொந்தக்காரி அவள்; கணவனை இழந்தவள்; ஞாயிறுதோறும் எனக்கு ஏலக்காய் பன் கொண்டுவந்து கொடுப்பவள்.

"போதும் வாத்தியாரே. இத்தன வருஷமாக் கேட்டுக் கேட்டு என் நாயே மனப்பாடமா ஒப்பிக்கும்."

"நாய் ஒப்பிக்கும். வேய்யோ ஒப்பிப்பானான்னு கேளு" என்றான் ஓஸ்மோ. கடை வைத்திருப்பவன், குழுவின் பொருளாளன்.

வேய்யோ சிரித்தான். "நான் எதுக்கு ஒப்பிக்கணும்? அதான் வாத்தியார் பாத்துச் சொல்றாருல்ல. அவரு காலின்னா காலி. அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது ஓஸ்மோ என் தோளில் கைவைத்து, "வாத்தியாரே, கோச்சுக்காதீங்க. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். அடுத்த வருஷத்துலேருந்து நீங்க நெருப்புப் பக்கத்துல உக்காந்து சாசேஜ் சுடுங்க. வேய்யோ தலைவனா இருக்கட்டும்" என்றான்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. விதிகளை ஊருக்கு எடுத்துச் சொல்லப்போகும் ஒருவன் அவற்றை அறிந்திருக்கிறானா என்று சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று மட்டும் நினைத்தேன். தேர்வு எழுதாமல் எவனையும் நான் அடுத்த வகுப்புக்கு அனுப்பியது கிடையாது.

பிற்பகலில் ஓர் இளம் ஆண் மூஸைச் சுட்டுக் கொட்டகைக்கு இழுத்துவந்தோம். துப்பாக்கிகள் தாங்கியில் வரிசையாக நின்றன. மற்றவர்கள் எனக்கு முதுகு காட்டி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, யார் சுட்ட குண்டு முதலில் பட்டது என்று சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு துப்பாக்கியாகப் பார்த்துவந்தேன். வேய்யோவின் துப்பாக்கி கடைசியில் இருந்தது. குனிந்து பார்த்தேன். அறை காலியாக இருந்தது. "காலி" என்றேன். அதைச் சொன்ன கணத்தில் அந்தச் சொல் உண்மை. இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகே என் சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, திறந்திருந்த அறைக்குள் விரலால் தள்ளினேன். குழுவுக்கென மொத்தமாக வாங்கும் தோட்டா. எல்லாருடைய பையிலும் அதுவே இருக்கும்.

இதைக் கண்ணி என்று எவரும் சொல்ல முடியாது. வினாத்தாளில் ஒரே ஒரு வினா இருந்தது. விடை, அன்று காலை நானே உரக்கச் சொன்ன முதல் விதி. வேய்யோ தாழை மூடுமுன் ஒருமுறை உள்ளே பார்த்திருந்தால், பொன்னிறத்தில் அந்தத் தோட்டா அவனைப் பார்த்திருக்கும். 'வாத்தியாரே, இது என்ன?' என்று கேட்டிருப்பான். நான் அவன் கையைக் குலுக்கித் தலைமையை ஒப்படைத்திருப்பேன். அவன் பார்க்கவில்லை. துப்பாக்கியை எடுத்தான், தாழை மூடினான், ஓஸ்மோ சொன்ன ஏதோ கேலிக்குச் சிரித்தபடியே, தந்தை கற்றுத்தந்தபடி விசையை அழுத்தினான்.

சைமி நெருப்பின் மேலிருந்த காப்பிப் பாத்திரத்தை எடுக்கக் குனிந்திருந்தாள்.

சைமியின் சாவு குறித்துக் காவல்துறையிடம் நான் உண்மையையே சொன்னேன். அறையைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள், பார்த்தேன் என்றேன். என்ன கண்டீர்கள் என்றார்கள். காலியாக இருந்தது என்றேன். விசாரித்த பெண் அதிகாரி, நோயாளியிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெளிச்சம் கம்மியா இருந்துச்சுல்ல? உங்க வயசுல இதெல்லாம் சகஜந்தான் சார். நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க." நான் பதில் சொல்லவில்லை. என் மௌனத்தை அவள் ஆம் என்று எழுதிக்கொண்டாள். மௌனத்துக்கு அப்படி ஒரு பொருள் எந்த அகராதியிலும் இல்லை.

அன்றிலிருந்து நான் கண் தெரியாதவனாக வாழ்கிறேன்.

வேய்யோவின் மீது வழக்கு நிற்கவில்லை. தலைவர் காலி என்று அறிவித்ததைக் குழுவினர் அனைவரும் கேட்டிருந்தார்கள். அறிவித்தவரை நம்பியது குற்றமன்று என்று அறிக்கை முடித்துக்கொண்டது. பிறர் சொல்லை நம்பித் துப்பாக்கியைத் தொடுவதுதான் குற்றங்களிலெல்லாம் முதன்மையானது என்று இத்தனை ஆண்டு நான் கற்பித்ததை ஒரே வரியில் அழித்துவிட்டார்கள். அவன் தன் துப்பாக்கியைத் தானே காவல்துறையிடம் ஒப்படைத்தான். சைமியின் நாயைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். பிறகு என் வீட்டுக்கு வரத் தொடங்கினான்.

நாள்தோறும் வருகிறான். விறகு பிளந்து அடுக்குகிறான். சௌனா என்னும் நீராவிக் குளியலறைக்கு நெருப்பு மூட்டுகிறான். வெளிவாசல் படியில் வழுக்காமல் இருக்க மணல் தூவுகிறான். நகரத்துக்கு அழைத்துச் சென்று தடித்த கண்ணாடி ஒன்றை வாங்கித் தந்தான். கண் சோதனையின்போது சுவரிலிருந்த எழுத்துகளை நான் வேண்டுமென்றே தவறாக வாசித்தேன். வேறு வழி இருக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டால்தான் எனக்கு உண்மையில் பார்வை கலங்குகிறது. அவன் வரும் ஓசை கேட்டதும் எடுத்து மாட்டிக்கொள்கிறேன். அவன் எதிரே உட்கார்ந்து எனக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறான். வேற்றுமை உருபுகளை விழுங்கி, காற்புள்ளிகளைத் தாண்டிக் குதித்து வாசிக்கிறான். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகவே அந்தத் தாள் முழுவதையும் என்னால் வாசிக்க முடியும். நான் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "வாத்தியாரே, நான் உங்க மேல குத்தம் சொல்லல. கண்ணு தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் தடித்த கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"இல்மாரி போனதிலேருந்து நீங்க என் முகத்தப் பாத்துப் பேசுனதே இல்ல. எனக்குத் தெரியும். அது என் தப்பு. இப்ப சைமி விஷயத்துல உங்க தப்பும் கொஞ்சம்... அதனால, நாம ரெண்டு பேரும் இப்ப ஒண்ணுதான் வாத்தியாரே. நான் உங்கள மன்னிச்சிட்டேன். நீங்களும் என்னைய..."

வழக்கம்போல் அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. துய்ஸ்கு அவன் காலணியின்மேல் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தது. காப்பி ஊற்றிக் கோப்பையை என் கையில் வைத்து, என் விரல்களைப் பிடியைச் சுற்றி மூடினான். பார்வையற்றவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

நான் உண்மையைச் சொன்னால் வேய்யோ நிரபராதி ஆகிவிடுவான். சொல்லாவிட்டால் நான் குருடன். அவன் என்னை மன்னித்தவன். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாளையும் அவன் வருவான்.

ஆகவே, இதை வாசிக்கும் உங்களிடம் கேட்கிறேன். இரக்கம் வேண்டாம், அது இந்த வீட்டில் நாள்தோறும் தேவைக்கு மேல் கிடைக்கிறது. அறிக்கையின் அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துங்கள். ஆர்மாஸ் பார்த்தான் என்று எழுதுங்கள். அறை காலியாக இருந்ததைப் பார்த்தான். பிறகு அது காலியாக இல்லாததையும் பார்த்தான். வேய்யோ சிரித்துக்கொண்டே குழலை நெருப்பின் பக்கம் திருப்பியதைப் பார்த்தான். சைமி எழுந்து, 'யாருக்கெல்லாம் காப்பி?' என்று கேட்டபடி அதன் முன்னே வந்து குனிந்ததையும் பார்த்தான். அவள் வேட்டைத் தொப்பியின் ஆரஞ்சுத் துணியில் ஒட்டியிருந்த பைன் ஊசிகளைக்கூடப் பார்த்தான். ஒரு வகுப்பையே அடக்கும் குரல் அவனுக்கு இருந்தது. ஒரு சொல் சொல்ல நேரமும் இருந்தது. தேர்வு நடக்கும்போது ஆசிரியர் விடை சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் சொல்லவில்லை.

இவை அனைத்தையும் எழுதுங்கள். நான் எதையும் மறுக்க மாட்டேன். எனக்குக் கண் தெரியவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.