தேனீ விழிக்கும் நேரம்

முருங்கைப் பூவைப் பொரியல் செய்து சாப்பிடுகிறவர்கள் உண்டு, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவர்கள் கிடையாது. ஒரு தடவை பார்த்தால் விடமாட்டீர்கள், மேடம். அதில் தேனீ வந்து உட்கார்ந்தால் பூ முழுக்க ஆடும். ஆடினால் படம் கலங்கிவிடும். எனக்கும் கேமராவுக்கும் உள்ள ஒரே சண்டை அதுதான்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. நான் எங்கேயும் ஓடமாட்டேன். எனக்குப் பேசுவதில் அலுப்பே கிடையாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே எங்கள் வீட்டுக்காரர், அவரைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு ஆமாம் என்பார்.

என் பெயர் ரேவதி. சொந்த ஊர் தேனி. தேனிக்காரி தேனீயைப் படம் எடுக்கிறாள் என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் நான் ஒரு வேடிக்கை. அவர் பூபாலன், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. பல வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுத் திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட்டை வாங்கி வந்தோம். எங்களுடையதுதான் கடைசி மாடி. அதற்கு மேலே மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, என் பூந்தொட்டிகள்.

கேமராவை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். "இதையாவது வச்சுக்கிட்டு என்னைக் கொஞ்சம் சும்மா விடுடி" என்றார். பூச்சிகளைக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸையும் சேர்த்தே வாங்கினார், பாவம். அந்த லென்ஸில் தேனீயின் கண்ணை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேனீயின் கண்ணில் முடி இருக்கும், தெரியுமா மேடம்? கண்ணின் மேலேயே, மெல்லிசாக, பூனைக்குட்டிக்கு இருப்பது மாதிரி. இத்தனை நாள் நம்மோடு இருந்தும் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கோபமாகக்கூட வந்தது. அதற்கப்புறம் சேக்காடு பக்கம் காலி மனை ஒன்று விடவில்லை. தும்பைப் பூ, எருக்கம் பூ என்று மண்டியிட்டு எடுப்பேன். போகிற வருகிறவர்கள் தாலியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே தேடுவார்கள்.

ஆனாலும் படம் கூர்மையாக வரவில்லை. தேனீ நிற்க வேண்டுமே. அப்போதுதான் இந்த ஃபிரிட்ஜ் விஷயத்தை ஒரு வீடியோவில் பார்த்தேன். தேனீயை டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் தூங்கிவிடும். எடுத்துப் பூவின் மேல் உட்கார வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும். நம் ஊர் வெயிலில் அது விழித்துக்கொள்வதற்குள் எடுத்துவிட வேண்டும். விழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் முகத்தில் இருக்கும் உணர்கொம்பு லேசாக அசையும். அடுத்து வயிறு ஏறி இறங்கும். கடைசியில் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். அதுவரைக்கும் கையில் வைத்துக் கொஞ்சினாலும் ஒன்றும் செய்யாது. நடுக்கம் வந்த பிறகு கை வைத்தால் கொட்டிவிடும். இதையெல்லாம் நானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சிலது எழுந்திருக்காது. ஃபோன் பேச்சில் மறந்து அதிக நேரம் வைத்துவிட்டால் அப்படி ஆகும். அதையெல்லாம் முல்லைச் செடிக்கு அடியில் போட்டுவிடுவேன். மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனால் தூங்கிப்போன தேனீயில்தான் கால் முடியெல்லாம் படத்தில் தனித்தனியாகத் தெரியும்.

நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் ஒன்றில் இட்லி மாவு, ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் தேனீ என்று வைத்திருந்தேன். ஒரு நாள் இவர் மோருக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை தேடி மூடியைத் திறந்துவிட்டு, "ஏண்டி, இதுல என்னமோ முழிச்சுப் பார்க்குதுடி!" என்று அலறினார். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறே வலித்தது. அதற்கப்புறம் அவர் ஃபிரிட்ஜைத் திறக்கும்முன் கதவைத் தட்டுவார்.

இனி கிருபாகரன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள், தெரிகிறது.

கிருபாகரன் எங்களுக்கு நேர் கீழ் வீடு. கரையான்சாவடியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் மனைவி ராணி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் பிளாக்கின் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். மோட்டார் ரிப்பேரா, லிஃப்ட் நின்றுவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓட வேண்டும். மற்றவர்கள் ஐ.டி.யில் வேலை செய்கிறவர்கள், வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி, கூட்டத்துக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். நல்ல பையன். சிரித்துக்கொண்டேதான் படியேறுவான். அவனிடம் எனக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது. அடேயப்பா, என்ன கூடு! முறத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி. யாராவது பக்கத்தில் போனால் அந்தக் கூட்டம் முழுக்க ஒரு பளபளப்பு அலை ஓடும். நான் காலையும் மாலையும் அங்கேதான் கிடந்தேன். சமையலெல்லாம் அரைகுறைதான்.

கிருபாகரனுக்குத் தேனீ ஆகாது. முன்பொரு தடவை ஒன்று கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவன். இன்னொரு தடவை கொட்டினால் உடனே ஊசி போட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஊசி மருந்தை ராணி வீட்டில் எப்போதும் தயாராக வைத்திருந்தாள். இதை அவனே மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னான்.

"யக்கா, உன் புள்ளைங்கோ மேல கீதுங்கோ, நா கீழ கீறேன். ஒண்ணு வயி தவறி ஊட்டாண்ட வந்துச்சின்னு வெய்யி, என் கதை கந்தல்."

"அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க தம்பி. நாம சீண்டலைன்னா ஒண்ணும் பண்ணாது."

"நீ சொல்றே. அதுங்களுக்குத் தெரியணுமே!" என்று சிரித்தான். "ரசாக் பாயாண்ட பேசிட்டேங்க்கா. புகை போட்டுக் கூட்டைக் கழட்டிடுவாரு. நாளைக்கே வரேன்னாரு. நாந்தான் உனுக்கோசரம் திங்கக்கெழமைக்குத் தள்ளி வெச்சிக்கீறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் நல்லா படம் புட்ச்சிக்கோ. இன்னா, சந்தோசமா?"

"புகை போட்டா அதுங்க எங்க போகும்?"

"பாதி பறந்துடும். மீதி..." என்று கையை வானத்தைப் பார்த்துக் காட்டினான். "மனசு கஸ்டமாத்தான் கீது. இன்னா பண்றது?"

எனக்காக அவன் தள்ளி வைத்தது நிஜம். நான் நன்றிகெட்டவள் இல்லை, அப்போதே நன்றி சொன்னேன், ஒரு கிண்ணம் பால் பாயசமும் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் மேலே போய்க் கூட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஒரு கூடு நிறைய உயிர். குழந்தைகள், வேலைக்காரிகள், அவர்களுக்கு ஒரு ராணி. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. இங்கே ஒரே ஒரு ஆள். எங்கள் பிளாக்கில் மற்றவர்களுக்கு அப்படியொரு கூடு இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குழாய் ஒழுகினால்கூடக் கிருபாகரன் பிடித்துத் தள்ளினால்தான் எங்கள் பிளாக்கில் வேலை நடக்கும். அவன் ஒருத்தன் இல்லையென்றால் ரசாக் பாய்க்கு ஃபோன் போட ஆளில்லை. நான் பொறுமையாக எல்லாப் பக்கமும் பார்த்தேன், மேடம். எப்படிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நின்றது.

ராணி கறிவேப்பிலை வாங்கவே மாட்டாள். மாடியில் என் செடி இருக்கும்போது எதற்கு என்பாள், சரிதானே. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும், கிருபாகரன்தான் வருவான். கூச்சமே படமாட்டான். சொந்த அக்கா வீடு மாதிரி நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாவில் கை விட்டு எடுத்துக்கொண்டு போவான். எனக்கும் அது பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் மீன் வாங்க அம்பத்தூர் போயிருந்தார். நான் காலையிலேயே மாடித் துளசியில் வந்து மேய்ந்துகொண்டிருந்ததில் கொஞ்சத்தைப் பிடித்துத் தூங்க வைத்திருந்தேன். அதைக் கறிவேப்பிலை டப்பாவில் போட்டேன். மேலே கொழுந்தாக நாலு கொத்தைப் பரப்பினேன். கீழ் வீட்டில் குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்ததும் டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில், வெயில் விழுகிற இடத்தில் வைத்தேன். மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். கொம்பு அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், வயிறு ஏறி இறங்கியது. கேமராவுக்குப் பேட்டரி மாற்றினேன். பிறகு நடுக்கமும் வந்துவிட்டது.

நல்ல நேரத்துக்கு வந்தான்.

"யக்கா, கருவேப்பல!"

"மேஜை மேல இருக்கு தம்பி, எடுத்துக்கோ."

"இன்னாக்கா, இன்னிக்கு ஃபிரிட்ஜுல வெக்கலியா?"

"இப்பதான் எடுத்து வச்சேன்" என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கை நிறைய அள்ளினான். "யம்மா!" என்று உதறினான். இலையெல்லாம் தரையில் சிதறியது. கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டு, முள்ளை அங்கேயே விட்டுப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மற்றவை எங்கெங்கே கொட்டின என்று நான் பார்க்கவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ராணியக் கூப்டுக்கா. ஊசி அவளாண்ட கீது. சீக்கிரம் கூப்டு."

"முள்ளை எடுத்துடறேன் இரு தம்பி. அசையாதே" என்றேன்.

அசையவே இல்லை. வளையல் போட்டுக்கொள்ள நீட்டுகிற மாதிரி கையை மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தான். முள்ளை எடுக்கத்தான் குனிகிறேன் என்று நம்பியிருக்கிறான். இத்தனை வருஷத்தில் என் சொல்பேச்சு கேட்டு ஒருத்தர் இவ்வளவு அசையாமல் இருந்ததே கிடையாது.

தேனீ போன பிறகும் அந்த முள்ளோடு ஒரு சின்ன விஷப் பை ஒட்டிக்கொண்டு இருக்கும். அது தானாகவே துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கண்ணாடி மணி மாதிரி தெளிவாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து உள்ளே ஓடுவதெல்லாம் தெரிந்தது. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? கேமராவில் ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிந்திருக்கிறது என்று நீங்கள் காட்டினீர்கள். நான் எங்கே இல்லை என்றேன்?

அவன் முகத்தை ஏன் பார்க்கவில்லை என்கிறீர்கள். அந்த லென்ஸில் முகமெல்லாம் தெரியாது, மேடம். விரல் நகத்தளவு இடம்தான் தெரியும். அவன் ஏதோ சொன்னான். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னதால் சரியாகக் கேட்கவில்லை. "யக்கா" என்றுதான் இருக்கும். வேறென்ன சொல்லப்போகிறான்.

பை துடிப்பதை நிறுத்தியதும் நான் கேமராவை வைத்துவிட்டு ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன், ராணியைக் கேளுங்கள். அவள் ஊசியை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாண்டி வந்தாள். தொடையில் குத்தினாள். நெஞ்சை அழுத்தினாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை மேலே வரைக்கும் வந்தது. அவள் கடைசிவரை என்னைத் திட்டவே இல்லை, அப்போது அவளுக்குத் தெரியாதல்லவா. "யக்கா, அவர் கையப் புட்ச்சுக்கோக்கா" என்று அழுதாள். பிடித்துக்கொண்டேன்.

நான் ஒரே இடத்தில்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். எங்கள் பிளாக்கை நம்பியிருக்கக் கூடாது. கூட்டத்துக்கு ஒரு நாளும் வராதவர்கள் அன்று சாயந்திரமே ஒருத்தர் பாக்கியில்லாமல் மொட்டைமாடிக்கு வந்துவிட்டார்கள். ரசாக் பாய்க்கு ஆளாளுக்கு ஃபோன். அவர் வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. யாரோ துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் கூட்டுக்கு அடியில் பிடித்தார்கள். நான் எவ்வளவோ கெஞ்சினேன். எனக்கு அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று இவர் என்னைக் கீழே இழுத்து வந்தார். விடிந்து போய்ப் பார்த்தபோது தரையெல்லாம் தேனீ கருகிக் கிடந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். கிருபாகரனுக்காக அழுகிறேன் என்று நினைத்து ராணியின் அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவரிடம் போய் எப்படி விளக்குவது?

இவர்தான் கேமராவை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. படத்தை அவர் கடைசிவரை பெரிதாக்கிப் பார்க்கவில்லை, அதுதான் வருத்தம்.

கொன்றாயா என்று நேரடியாகக் கேட்கிறீர்கள். நேரடியாகவே சொல்கிறேன். கொட்டினால் தேனீ பிழைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அதையெல்லாம் டப்பாவில் போட்டு வெயிலில் வைத்தேன். அந்தச் சாவுகளுக்கு நான்தான் பொறுப்பு, அதை ஒரு நாளும் மறுக்கமாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?